மூன்று பெயர்களில் ஒருத்தி

எழுபதுகளின் தொடக்கத்தில் கைக்குழந்தையோடு கொலோனில் வந்து இறங்கினேன். என் கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் திருச்சியில் வேதியியல் பி.எஸ்ஸி. முடித்தவள், முதல் வகுப்பு. ரிசல்ட் வந்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. மேலே படிப்பதா வேண்டாமா என்ற குழப்பம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எப்போது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

மகள் தூங்கும்போதெல்லாம் ஜெர்மன் படித்தேன். கணவர் வீட்டிலிருக்கும் மாலைகளில் வகுப்புக்குப் போனேன். அவளுக்கு மூன்று வயதாகும் சமயத்தில் மொழித் தேர்வில் தேறினேன். மறுநாளே சான்றிதழ்களைச் சுருட்டிக்கொண்டு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி வயதானவர், நிதானமானவர். என் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, "அம்மணி, இங்கே மூன்று பெண்கள் இருக்கிறார்கள். நீங்கள் இதில் யார்?" என்றார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பள்ளிச் சான்றிதழில் ஊர்ப் பெயரின் எழுத்தும் அப்பா பெயரின் எழுத்தும் என் பெயருக்கு முன்னால் இருந்தன. பட்டத்தில் அப்பாவின் எழுத்து மட்டும். பாஸ்போர்ட்டிலோ கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூன்றும் நான்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது" என்றேன்.

"குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு ஆளை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

"இன்னார் மகள் என்று விசாரிப்போம். கண்டுபிடித்துவிடுவோம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விதியைத் தளர்த்தவில்லை. மூவரும் ஒருவரே என்று பான் நகரிலிருக்கும் நம் தூதரகம் எழுதித் தர வேண்டும். மதிப்பெண் பட்டியல் என் கையால் வரக் கூடாது. ஊர்ப் பல்கலைக்கழகமே முத்திரை வைத்த உறையில் நேராக அனுப்ப வேண்டும். சேர்க்கை கிடைத்தால்தான் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். மனுவுக்கோ அதிக அவகாசம் இல்லை.

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பானுக்கு ரயிலேறினேன். தூதரகத்தில் காத்திருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். இந்தியாவிலிருந்து உறையை வரவழைப்பதுதான் பெரும்பாடு. தங்கைக்கு எழுதினேன். அவள் கல்லூரியில் லீவு சொல்லிவிட்டு, திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய், எனக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில் நின்றிருக்கிறாள். அங்கே நடந்ததை ஏர்மெயிலில் விவரமாக எழுதியிருந்தாள்.

குமாஸ்தா, "விண்ணப்பதாரர் நேர்ல வரணும்மா" என்றாராம்.

"அவங்க ஜெர்மனியில இருக்காங்க சார். நீங்க டிக்கெட் எடுத்துக் குடுத்தா நாளைக்கே வரச் சொல்றேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அவர் முறைத்தாராம். இவள் அசையவில்லை. அலுவலகம் மூடும்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்; மறுநாளும் போய் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் உறையில் அரக்கு வைக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, தபால் நிலையம்வரை பியூன்கூடவே நடந்து போனாளாம்.

உறை வந்தது. வேதியியல் துறையில் இடமும் கிடைத்தது. இனி உதவித்தொகை.

வெளிநாட்டவர் என்பதால் அரசாங்க உதவிக்கு எங்களுக்கு வழியில்லை. திருச்சபை ஒன்று வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு நிதி வைத்திருந்தது. அதற்கு மனுப் போட்டு, நேர்காணலுக்குக் கூப்பிட்டதும் மகளோடு போனேன். எதிரே ஒரு பாதிரியாரும் ஓர் அம்மாளும். நடுவயதைத் தாண்டிய அந்த அம்மாள்தான் பேசினார்.

"உங்கள் கணவர் ஆராய்ச்சி முடிந்ததும் ஊருக்குப் போவார். நீங்களும் போய்விடுவீர்கள். அப்புறம் இந்தப் படிப்பு?"

"என்னோடு ஊருக்கு வரும். அங்கேயும் வேதியியல் இருக்கிறது."

பாதிரியார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாள் விடவில்லை. "குழந்தை? ஆய்வகத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டுமே."

முழு நாளும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் கிண்டர்கார்டன் அந்தக் காலத்தில் அபூர்வம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒன்று இருந்தது. அதன் தலைமை ஆசிரியையை விடாமல் நச்சரித்து ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டு, "காலையில் என் கணவர் கொண்டுபோய் விடுவார். மாலையில் நான் அழைத்து வருவேன்" என்றேன்.

அந்த அம்மாள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். கணவரிடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தினமுமா?"

"தினமும்தாங்க."

"லேப்ல எனக்குக் காலையிலதான் மெஷின் ஃப்ரீயா கிடைக்கும். அது உனக்குத் தெரியும்."

"தெரியும். மத்தியானமும் ஃப்ரீயா இருக்கான்னு கேளுங்க. நான் கேக்காத இடம் இந்த ஊர்ல பாக்கி இல்ல. நீங்க ஒரு இடத்துல கேளுங்க."

தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்குள் பயம் இருந்தது. வேண்டாம் என்று அவர் சொன்னால் சண்டை போட வேண்டியிருக்கும், போட்டிருப்பேன். அந்த வீட்டில் அதன் பிறகு எப்படி இருந்திருப்போம் என்று தெரியாது.

கை கழுவிவிட்டு வந்து, "பாப்பாவுக்கு அந்த ஷூ லேஸ் எப்படிக் கட்டறது? எனக்குக் காட்டு" என்றார்.

உதவித்தொகை கிடைத்தது, ஒரே ஒரு செமஸ்டருக்கு. தேர்வு முடிவைக் காட்டினால்தான் அடுத்ததற்கு யோசிப்பார்களாம். அந்தக் குளிர்காலம் முழுக்க என் விரல்களில் அமில வாடை போகவில்லை. ஜெர்மன் மாணவர்கள் வகுப்பில் ஒரு தடவை கேட்டே புரிந்துகொண்ட பாடத்தை நான் வீட்டில் அகராதியோடு உட்கார்ந்து மறுபடி படித்தேன். முதல் வாய்மொழித் தேர்வில் பாதியில் சொல் கிடைக்காமல் திணறி, எழுந்து கரும்பலகையில் சமன்பாட்டை எழுதிக் காட்டினேன். பேராசிரியர் தலையாட்டி, மேலே தொடரச் சொன்னார். தேறினேன்.

முடிவைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் நேரிலேயே கொண்டுபோனேன். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். இழுப்பறையைத் திறந்து, அடுத்த செமஸ்டருக்கான மனுப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.