எட்வினை ஒரு சாயங்காலத்துக்குக் கூட்டி வந்தோம்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கு. அதன் மரமாடியில்தான் எட்வினும் அவனுடைய பேண்டும் பாடிப் பழகுவார்கள். டிரம்ஸ் அதிர்ந்தால் பலகை இடுக்கிலிருந்து சுக்குத் தூசி கொட்டும். கீழே மூட்டைகள்மேல் உட்கார்ந்து கேட்கும் நாங்கள் வரிசையாகத் தும்முவோம்.

மேலேயிருந்து மைக்கிலேயே எட்வினின் குரல் வரும்: "தும்மலும் ஸ்ருதியில வரட்டும் மாஷே..."

எனக்கு அப்போது முப்பது வயது. பள்ளியில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன்; வாத்தியார் என்பதால் எல்லோருக்கும் நான் 'மாஷ்'. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், எட்வின் பாடினால் இங்கிலீஷ். அவனுடைய ரசிகர்கள் மொத்தமே நாற்பது பேர்தான் இருப்போம். கிடங்கில் வேலை பார்த்த முருகேசன்தான் எங்கள் தலைவர்.

எட்வின் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஷோ இருக்கும் நாளில் இரண்டு பேர் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். எழுப்பி, தலையில் தண்ணீர் ஊற்றி, பால் விடாத கட்டன் சாயா குடிக்க வைத்து, சட்டை மாற்றி, ஆட்டோவில் ஏற்றி வர வேண்டும். போகிறவர்களுக்கு முன்வரிசையில் இடம். அதற்குப் போட்டி வேறு.

அவனை எது தின்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிரவுன் சுகர் என்கிற போதைப்பொடி. ஆனாலும் மேடை ஏறிவிட்டால் சரியாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்வோம். பிள்ளை பரீட்சை ஹாலுக்குள் போய்விட்டாலே பாஸ் என்று நினைக்கும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அந்த ரகம்.

அந்த வருடம் அவனுடைய அக்கா செலின் அழுது, கெஞ்சி, திருப்பூணித்துறைப் பக்கம் ஒரு சிகிச்சை மையத்தில் அவனைச் சேர்த்துவிட்டார். பேண்டின் ஆண்டுவிழா ஷோவுக்கு அதற்கு முன்பே போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

ஷோ அன்று மதியம் முருகேசன் என்னைத் தேடிப் பள்ளிக்கே வந்தார்.

"மாஷே, பத்தொம்பது நாள் ஆச்சு. ஆளு நல்லா தேறிட்டானாம். ஒரு சாயங்காலம்தான். பாடிட்டு வந்துடட்டும்."

"விடமாட்டாங்க முருகேசா."

"எங்க மூஞ்சிக்கு எவன் விடுவான்? வாத்தியார் கேட்டா விடுவாங்க."

எனக்கு அது பெருமையாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

மையத்தில் இருந்த நர்ஸ் சேச்சி நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கொண்டு போறது மாஷ். திரிச்சுக் கொண்டு வர்றதும் மாஷ்தானே?"

"எட்டு மணிக்கு இங்க இருப்பான் சேச்சி."

பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எட்வினுக்குக் கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. ஆட்டோவில் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "இப்போ சோத்துக்கு ருசி தெரியுது மாஷே. மீன் கறிக்குக் கூட மணம் இருக்கு" என்றான். குழந்தை சொல்வதுபோலச் சொன்னான். அப்போதே ஆட்டோவைத் திருப்பியிருக்கலாம்...

அன்றைக்கு அவன் பாடியது மாதிரி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முருகேசன் கேசட்டில் பதிவு செய்தார். முடிந்ததும் கூட்டம் அவனைத் தூக்கிக்கொண்டது. நான் ஆட்டோவை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன்.

"பத்து நிமிஷம் மாஷே. இவங்களையெல்லாம் பாத்துட்டு வந்துடறேன்."

கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் போலீஸ்காரன் மாதிரி நிற்கக் கூச்சப்பட்டேன். அவ்வளவுதான் விஷயம். வேறு காரணம் இருந்ததாக எனக்கு நானே பல வருடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

பத்து நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. அங்கும் இங்கும் தேடினோம். "வீட்டுக்குப் போயிருப்பான். காலையில கொண்டு விட்டுடலாம்" என்றார் முருகேசன். நானும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் படகுத்துறை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தானாம். முதல் படகுக்கு வந்தவர்கள் தூங்குகிறான் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை ஒரு மாதம் சும்மா இருந்தால் தோல் இளகிவிடும். பிறகு பழைய வேகத்தில் பிடித்தால் கிழிந்து ரத்தம் வரும். அவன் உடம்பும் அப்படித்தான். பொடியை விட்டிருந்த உடம்பு அன்று ராத்திரி எடுத்த பழைய அளவைத் தாங்கவில்லை. வகுப்பில் இதைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்திருப்பேன். அன்றைக்கு எனக்கே தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செலின் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சாயங்காலம் சென்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன் மாஷே. மாஷோடதான் போயிருக்கான்னு சொன்னாங்க. சமாதானமாச்சு. எத்தனையோ நாளுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நல்லா உறங்குனேன்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நினைவு நாள். கடற்கரையில் கூட்டம். அவன் இறந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளைகள், அவன் முகம் போட்ட டி-ஷர்ட்டில், மெழுகுவத்தியோடு நின்று அழுதார்கள். பொய் அழுகை இல்லை. முருகேசனுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "இந்த மாஷ் இல்லன்னா இந்தப் பாட்டு உங்களுக்குக் கிடைச்சிருக்காது" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒரு வாத்தியாரின் கையெழுத்து போதுமாக இருந்தது. இப்போதெல்லாம் ரத்த சொந்தமே வந்து கேட்டாலும் அப்படி லேசில் அனுப்புவதில்லை என்கிறார்கள். நல்லது.

அந்தக் கேசட் இப்போது யூடியூபில் இருக்கிறது. அடியில் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள்: ஒரே ஒரு தடவையாவது நேரில் கேட்டிருக்கக் கூடாதா என்று.

நாங்கள் கேட்டோம். கேட்டே ஆக வேண்டும் என்றுதான் அவனைக் கூட்டி வந்தோம்.