மாதிரிக் கஞ்சி

விழுப்புரம் மண்டியில் மல்லாட்டை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, திண்டிவனத்திலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் சொன்னார்: "நம்ம ஆர்.ஐ. வேதமுத்து ஐயா போய்ட்டாருங்க. மார்வலின்னு படுத்தாராம், அவ்வளவுதான்." மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ரயிலேறினேன்.

இந்த இரங்கல் குறிப்பைப் படிப்பவர்களில், தாலுகா கச்சேரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் கறாரான அதிகாரி. மாதாகோயிலில் அவரோடு பாடிய உங்களுக்கு அவர் நல்ல குரல். எங்கள் ஊருக்கு அவர் கஞ்சித் தொட்டிக்காரர்.

யுத்த காலத்தில் மழை பொய்த்தது. பர்மா அரிசியும் நின்றுபோனது. கேழ்வரகும் நொய்யும் சர்க்கார் தரும், விறகும் அண்டாவும் ஆளும் ஊர் தந்து, பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றவேண்டும் என்று ஏற்பாடு. அதைப் பேசி முடிக்க வந்தவர் வேதமுத்து. சேரியில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, உத்தியோகத்துக்கு வந்தவர். ஊர்க் கமிட்டியில் நானும் இருந்தேன். நாங்கள் போட்ட முதல் நிபந்தனையை எழுத இப்போது கை கூசுகிறது. தானியத்தை அவர் கொண்டுவரலாம், கரண்டியைத் தொடக்கூடாது. அவர் கோபப்படவில்லை. "கரண்டி உங்களுதாவே இருக்கட்டுங்க. ஆனா அண்டா ஒண்ணுதான். ஊருக்கு ஒண்ணு, சேரிக்கு ஒண்ணுன்னு பிரிச்சா மூட்டைய வண்டியிலேர்ந்து எறக்கவே மாட்டேன்" என்றார். ஒத்துக்கொண்டோம். பெருந்தன்மையால் அல்ல, வேறு வழியில்லாமல்.

தொட்டிக்கு விறகு கொடுத்த என் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது யாருக்கும் தெரியாது. நிலம் இருந்தது, விளைச்சல்தான் இல்லை. பிள்ளைகள் மூவரும் வெறும் கீரையை வேகவைத்துத் தின்றார்கள். வரிசையில் போய் நிற்க அவர்களை நான் விடவில்லை. "கஞ்சித் தொட்டிக்குப் போன வூட்ல நாளைக்கு எவன் பொண்ணு எடுப்பான்?" என்று மனைவி அஞ்சலையை அடக்கி வைத்திருந்தேன். ஒருநாள் விறகு இறக்கும்போது கண் இருட்டியது. வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். புளியமரத்தடியில் இருந்த வேதமுத்து அதைப் பார்த்தார்.

மறுநாள் வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி என்னைக் கூப்பிட்டார். "நாயக்கரே, கஞ்சி எப்படி இருக்குதுன்னு நான் மேலே பதில் சொல்லியாகணும். நான் தொட முடியாது, உங்களுக்கே தெரியும். கமிட்டியில நீங்க ஒருத்தர் தெனம் மாதிரி எடுத்துக்கினு போய், வூட்ல எல்லாருமா சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லணும். கொழந்தைங்க வயித்துக்கு ஒத்துக்குதான்னும் தெரியணுங்க." பெரிய தூக்கு ஒன்றில் கஞ்சியை ஊற்றச் சொல்லி, மூடி போட்டுத் தரச் சொன்னார்.

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பியது மட்டுமா, பெரிய அதிகாரியாகவே ஆகிவிட்டேன்! "உப்பு கம்மி" என்றேன். "நொய் வேகல" என்றேன். வயிறு நிறைய நிறைய வாயும் நீண்டது. ஒருநாள் எல்லோர் எதிரிலும், "சர்க்கார் காரியம்னா இப்படித்தானா?" என்று இரைந்தேன். அவர் எழுந்து நின்று, "சரிங்க, நாளைக்குப் பார்த்துக்கறேன்" என்றார்.

அன்று கஞ்சியைக் குடித்துக்கொண்டே அந்தப் பெருமையை வீட்டில் சொன்னபோது அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, உப்புப் பார்க்க ஒரு கொட்டாங்குச்சிக் கஞ்சி போதாதா? எந்த ஊரு சர்க்காரு தூக்கு நெறைய ஊத்திக் குடுக்குது? அந்த மனுசன் நம்ம மானத்துக்கு மூடி போட்டு அனுப்பிக்கினு இருக்காரு. நீங்க போய் அவரையே ஏசிட்டு வர்றீங்க." கரண்டியைத் தொடக்கூடாது என்று நாங்கள் செய்த அவமானத்தையே சாக்காக வைத்து அவர் என் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்திருக்கிறார்.

மறுநாள் போகக் கால் வரவில்லை. மூத்தவள் தூக்கைக் கழுவி வாசலில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். போனேன். தலை நிமிராமல், "உப்பு சரியா இருக்குதுங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "பசி வந்தா பத்தும் பறந்துடும்னு சொல்றாங்க நாயக்கரே. பொய்யிங்க. வெக்கம் மட்டும் பறக்காது, அங்கியே ஒக்காந்துக்கினு இருக்கும்" என்று புளியமரத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "நாளைக்கும் வந்துடுங்க, மாதிரி பார்க்கணும்" என்றார்.

மழை பெய்தது, தொட்டி மூடியது. அதன்பின் வரி வேலையாக எங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் அவர் வாசலிலேயே நின்றார். அவருக்கென்று தனியாக வைத்திருந்த சொம்பில்தான் தண்ணீர் கொடுத்தோம். இவ்வளவும் தெரிந்த பிறகும் அப்படித்தான் கொடுத்தோம். வாங்கிக் குடித்தார்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு எல்லோரிடமும் சொன்னார்: "கஞ்சித் தொட்டியில உப்புப் பார்த்த நாயக்கரு இவருதாங்க. இவரு நாக்குக்குத் தப்பவே தப்பாதுன்னு அவரு எவ்வளவு பெருமையாச் சொல்லுவாரு!" நீங்கள் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தீர்கள். அந்த அம்மா தம் வீட்டுச் சொம்பிலேயே தண்ணீர் கொடுத்தார். கட்டிய மனைவியிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. தண்ணீரைக் குடித்தேன், உண்மையைச் சொல்ல அங்கே வாய் வரவில்லை.

அம்மா, நான் உப்புப் பார்க்கப் போனவன் அல்ல. பசித்துப் போனவன். அந்தத் தூக்கு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதில் வந்த கஞ்சியில் பிழைத்த மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர் கடைசிவரை போட்டு வைத்திருந்த மூடியை இன்று நானே திறந்துவிட்டேன்.