மாசி போட்ட கிம்ச்சி

1982 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு மைசூரில் பஸ் ஏறினோம். கூடலூருக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர். பக்கத்தில் சூன்ஜா, உணவுப் பதனப் பயிற்சிக்காகக் கொரியாவிலிருந்து வந்து நானிருக்கும் பெண்கள் விடுதியில் தங்கியிருப்பவள். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பயிற்சியைப் பாதியில் விட்டு ஊருக்குப் போகப்போவதாக முந்தின நாள்தான் சொன்னாள்.

"கிம்ச்சி இல்லாமல் சோறு இறங்கவில்லை."

உப்பிட்டு, மிளகாயும் பூண்டும் பிசைந்து புளிக்கவைத்த கோஸ் அது. பனிக்காலத்துக்கு முன் தெருவே கூடி உட்கார்ந்து போடுமாம். அவள் ஊரில் இப்போது அந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கும்.

விடுதியில் அதைப் போட வழியில்லை. எனக்குத் தோன்றியது ஒரே இடம்: இலங்கையிலிருந்து திரும்பி, கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அத்தை வீடு.

வழியில் தெப்பக்காட்டு முகாமில் யானைகள் குளித்துக்கொண்டிருந்தன. சூன்ஜா திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தரைக்கு இறங்கினோம். சந்தையில் ஊட்டி கோஸ் கிலோ ஒரு ரூபாய். முள்ளங்கி, பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள் எல்லாம் வாங்கினோம். அவள் கேட்ட உப்பிட்ட இறால் மட்டும் கிடைக்கவில்லை.

அத்தை குடியிருந்த தோட்டத்து லயத்து வாசலில் கோஸை நறுக்கி உப்பிட்டோம். மாமா எட்டிப் பார்த்தார்.

"அவிக்காமலா திங்கப் போறீங்க? நம்ம ஆடு கேட்டா கோவிச்சுக்கும்."

மாலையில் பிசைந்ததும் சூன்ஜா ஒரு துண்டை வாயில் வைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னா புள்ள கொறையுது?" என்றாள் அத்தை.

"மீன் வாசனை இல்லையாம் அத்தை."

அத்தை உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தாள். மாசி, கல் போலக் காய்ந்த மீன். இலங்கையிலிருந்து கப்பலில் அவள் கொண்டுவந்தது தீர்ந்துபோய், புதிதாகத் திரும்பி வந்தவர்களிடம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தியது.

"மாசி இல்லாத தேங்காச் சம்பல்னா எனக்கும் இப்பிடித்தான், சோறு எறங்காது" என்றபடி மிச்சமிருந்ததையெல்லாம் இடித்துப் போட்டாள்.

சூன்ஜா மறுபடி ருசி பார்த்தாள். சோற்றுக்குத் தட்டை நீட்டினாள். பிறகு இன்னொரு முறையும் நீட்டினாள்.

ஞாயிறு மதியம் கிளம்பும்போது அத்தை மீதியைத் தன் ஊறுகாய் ஜாடியில் அடைத்துக் கொடுத்தாள்.

"ஜாடி திரும்பி வரணும். வெறுமனே வரக்கூடாதுன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லு."

சொன்னேன். "எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றாள் சூன்ஜா.

பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "ஏனுங்க, உள்ள என்னங்க?"

"ஊறுகாய்ங்க."

"எந்த ஊரு ஊறுகாய்ங்க இது?"

"கூடலூருங்க" என்றேன்.

தெப்பக்காடு வந்ததும் சூன்ஜா யானை பார்க்க ஜன்னல் ஓரத்துக்கு மாறினாள். குண்டலுப்பேட்டையில் பஸ் நின்றபோது ஜாடியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு கிலோ கல்லுப்பு இருந்தது. "ஜாடி வெறுமனே திரும்பக்கூடாதே" என்றாள்.