கிளட்ச் கால் சூடாகவில்லை

தரை துடைக்க வந்தவள், இருபத்திரண்டு வருஷத்தில் ஆபரேஷன் தியேட்டரின் உதவியாளராகிவிட்டாள். காலக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டதும் நோயாளியின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொள்வாள். வயசானவர்களுக்குத் தைரியம் சொல்லத்தான் ஆரம்பித்தாள். பிடித்துப் பிடித்து ஒன்று பிடிபட்டது: மருந்து வேலை செய்தால் ரத்தக்குழாய் விரிந்து, சில்லிட்ட பாதம்கூடச் சீக்கிரமே கதகதவென்று ஆகிவிடும். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கை படித்த பாடம்.

அன்றைக்கு மேஜையில் படுத்திருந்தவர் ரிட்டயரான பஸ் டிரைவர். இடது முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும்.

"கிளட்ச் கால்மா. முப்பது வருஷம் மிதிச்ச மிதி. பாத்துச் செய்யச் சொல்லு."

"ஜம்முனு ஆயிடும், பெரியவரே."

ஊசி போட்டுப் பத்து நிமிஷம். வலது பாதம் சுட்டது. இடது மட்டும் சில்லென்றே கிடந்தது. மயக்க டாக்டர் கிள்ளிப் பார்த்தார். இரண்டு காலும் ஒரே மாதிரி மரத்திருந்தன. ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டையை இடது தொடையில் சுற்றியாயிற்று. காற்றடிப்பதுதான் பாக்கி.

"டாக்டர், காத்தடிக்காதீங்க. இந்தக் கால் சூடாகல."

"என்னக்கா, கால் ஜோசியமா?" ஆபரேஷன் டாக்டர் சிரித்தார். "காலையில வார்டுல நானே தொட்டுப் பாத்தேன். ரெண்டும் நல்லாச் சூடாத்தான் இருந்துச்சு."

அவள் பாதத்தை விடவில்லை. விழித்தபடி கிடந்த டிரைவரிடமே குனிந்து கேட்டாள்.

"பெரியவரே, வீட்டுல இந்தக் கால் எப்படி?"

"எப்பவும் சில்லுனுதான். டாக்டர் தொட்டுப் பாத்து ஆபரேஷன் வேணாம்னுட்டா என்ன பண்றதுன்னு, எம்பொண்ணு விடியக்காலையில வெந்நீர்ப் பைய வெச்சுவிட்டா."

சிரிப்பு சட்டென்று நின்றது. டாக்டர் பாதத்தில் நாடியைத் தேடினார், சிக்கவில்லை. ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவி வைத்தும் சத்தமில்லை. பட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஸ்கேனில் தொடை ரத்தக்குழாய் அடைத்திருந்தது தெரிந்தது. பட்டையை இறுக்கியிருந்தால் காலே போயிருக்கலாம்.

முதலில் அடைப்பைச் சரிசெய்தார்கள். சில மாதம் கழித்து அதே மேஜை, அதே ஊசி. இந்தத் தடவை பட்டை கிடையாது. டாக்டர் கத்தியைக் கையில் எடுக்காமல் நின்றார்.

"சொல்லுங்கக்கா."

காலக்கா இடது பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னம்மா," டிரைவருக்குப் பொறுக்கவில்லை, "வண்டி கிளம்புமா, கிளம்பாதா?"

"இஞ்சின் சூடாயிடுச்சு, பெரியவரே. போலாம்."