லேப்டாப்பே சொல்லட்டும்!

ஊரடங்கு ஒருவழியாக ஓய்ந்து, செம்பூர் ஸ்டேஷன் பக்கம் கடைகள் திறந்திருந்த சமயம் அது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் லேப்டாப் நம்முடையதாக இருக்கவேண்டும். திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் சுழலும் ஹார்ட் டிஸ்க். ஒரு பட்டனைத் தட்டினால் அந்தக் குரல் இழுத்து இழுத்து, ஆற அமரப் பதில் சொல்லும். அதனாலேயே முன்பு ஒரு கம்பெனித் தேர்வில் நேரம் போதாமல் தோற்றேன். பதில் தெரியாமல் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். மெஷின் நகராததால் தோற்ற வயிற்றெரிச்சல் லேசில் அடங்குமா? இந்த முறை எஸ்.எஸ்.டி. உள்ள லேப்டாப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அதில் சுழலும் தட்டே கிடையாது, வேகம் பல மடங்கு.

லேப்டாப் கடைக்குத் துணைக்கு வந்தது என் அத்திம்பேர், அக்காவின் கணவர். தங்கமான மனுஷர். பேரம் பேசுவதைக்கூடச் சண்டை என்று நினைப்பவர்.

கடைக்காரரின் குரல் அவர் பக்கமே திரும்பியிருந்தது. "அங்கிள், மேடம் கோ க்யா சாஹியே?" மேடத்துக்கு என்ன வேண்டுமாம்! மேடம் அவர் மூக்குக்கு நேரேதான் நிற்கிறேன். என்ன வேண்டுமென்று நானே ஹிந்தியில் சொன்னேன். எஸ்.எஸ்.டி.தான் என்று அடித்துச் சொல்லி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பில் போடுவதற்குமுன் பிரித்து, ஆன் செய்து தரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன். மெல்லிய அதிர்வு, நடுநடுவே டிக் டிக். உள்ளே ஏதோ சுற்றுகிறதே என்றேன். ஃபேன் என்று அத்திம்பேரிடம் சொன்னார். ஃபேன் காற்று வெளியே வரும் ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தேன். காற்றே இல்லை. அதைச் சொன்னதும் பெட்டியைத் தூக்கி அத்திம்பேரிடம் நீட்டி, நீங்களே படித்துப் பாருங்கள் என்றார்.

அத்திம்பேர் என் காதருகே குனிந்தார். "மாடல் பேர்தான்டி போட்டிருக்கு. வந்த எடத்துல எதுக்கு ரகளை? ஆத்துக்குப் போய்ப் பாத்துக்கலாமே."

வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டால் இந்தக் கடையில் திருப்பி வாங்குவார்களா? திங்கட்கிழமை யார் வந்து பதில் சொல்வார்கள்? எனக்கு ஜிவ்வென்று கோபம் ஏறியது.

விண்டோஸ் லேப்டாப் எல்லாவற்றிலும், வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று உள்ளேயே உண்டு. மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் பேசும். கடைக்காரருக்கு அது தெரிந்திருக்கவில்லை. என் பையில் இயர்போன் இருந்தது. வேண்டுமென்றேதான் அதை எடுக்கவில்லை. சத்தத்தை முழுசாக ஏற்றினேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாக இறங்கினேன்.

"டிஸ்க் ஸீரோ. ஹெச்.டி.டி."

ஹார்ட் டிஸ்க்! மேலே போய் மறுபடி இறங்கினேன். மறுபடி அதையே சொன்னது. இன்னொரு தடவையும் சொல்ல வைத்தேன்.

பக்கத்திலிருந்து ஒரு பெண் மராத்தியில், "தாயி, மாஜா பண் பகா நா" என்றாள். அக்கா, என்னுடையதையும் பாருங்களேன் என்று. மகளின் ஆன்லைன் வகுப்புக்காக அப்போதுதான் அதே மாடலை வாங்கியிருந்தாளாம். பார்த்தேன். அதுவும் ஹார்ட் டிஸ்க்தான். அவள் போட்ட சத்தத்தில் நான் போட்டது ஒன்றுமே இல்லை.

கடைக்காரர் முதல்முறையாக என்னிடம் பேசினார். லேப்டாப் கம்பெனி மாற்றி அனுப்பியிருக்குமாம். இருக்கட்டும், சரியானது வரும்வரை இந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கமாட்டேன் என்றேன். அப்போது என் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் இழுபடும் சத்தம். "ஹம் பீ பைட்டே ஹைன்," என்றார் அத்திம்பேர். நானும் உட்கார்ந்தாயிற்று! குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர்களுடைய இன்னொரு கடையிலிருந்து எனக்கும் அந்தப் பெண்ணுக்குமாக வேறு இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டையும் கடை முழுக்கக் கேட்கும்படி பேச வைத்து, "எஸ்.எஸ்.டி." என்று காதால் கேட்டபிறகுதான் என்னுடையதற்குப் பில் போடச் சொன்னேன். திங்கட்கிழமை பயிற்சியில் தட்டிய பட்டனுக்கெல்லாம் குரல் உடனுக்குடன் பதில் சொன்னது. அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

கடைக்காரர் ஏமாற்றப் பார்த்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குப் பார்வை இல்லை என்பது உண்மை, ஆனால் அதற்காக யார் எதைக் கையில் திணித்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போகிறவள் நான் இல்லை, அதை ஒரு கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை.