உறைக்காரி வீட்டு வைஃபை

அந்தத் தெருவில் நேரில் பார்த்தால் ‘உறைக்காரம்மா’ என்பார்கள், முதுகு திரும்பினால் ‘உறைக்காரி’ என்பார்கள். நமக்கென்ன பயம், உறைக்காரி என்றே சொல்லுவோம். அவள் தொழில் என்னவோ சாப்பாட்டுப் பை தைப்பதுதான். வெளியே கெட்டித் துணி, நடுவே பஞ்சு, உள்ளே பளபளவென்று வெள்ளித்தாள் ஒட்டின துணி. காலையில் கட்டின சாப்பாட்டை மத்தியானம் திறந்தால் ஆவி பறக்கும். அவள் தையலில் சூடு ஒரு இழை கூட வெளியே கசியாது.

ஆனால் வெட்டி மிஞ்சின துணியைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. அதனால் வீட்டில் இருக்கிற சாமான் அத்தனைக்கும் உறை. சோபாவுக்கு உறை, டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட உறை. அவள் வீட்டுக்காரர் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஊராரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் வாய் நீளம். “கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் ஒண்ணு தைச்சு மாட்டிடுவா” என்பார்.

வெளியாள் யாராவது வருகிறார் என்று தெரிந்தால் மட்டும் வீட்டிலுள்ள உறையெல்லாம் இறங்கிவிடும். வந்தவர் கண்ணுக்கு எல்லாம் புத்தம் புதுசாகத் தெரிய வேண்டும். அவர் படியிறங்கினாரோ இல்லையோ, அத்தனையையும் மறுபடி மாட்டிவிட்டுத்தான் அவளுக்கு மூச்சே விட வரும். இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. சின்ன வயசில் அவள் பிறந்த வீட்டிலேயே தலையணைக்கும் டிரங்குப் பெட்டிக்கும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் அவளோடு வளர்ந்தவர் அவள் அண்ணன். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலை, அதுவே குணமும் ஆகிவிட்டது. காதில் பேனா, கையில் கடிகாரம். அந்தக் கடிகாரக் கண்ணாடியை விரல் முட்டியால் டொக் டொக் என்று தட்டி, “கிளம்பு, கிளம்பு! உன்னை வழியனுப்ப ஊரே வரணுமா?” என்று அவர் ஒரு சத்தம் போட்டால், டீ குடித்துக்கொண்டிருக்கிற டிரைவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். காத்திருப்பது மட்டும் அந்த மனிதருக்கு ஆகவே ஆகாது.

அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய சாப்பாட்டுப் பை தங்கை தைத்ததுதான். வருஷத்துக்கு ஒன்று தைத்து அவர் கையில் கொடுத்துவிடுவாள். இரண்டு வருஷம் முன்னால் அது நின்றது.

காரணம் உறைக்காரியின் மகள். மாமா நாலு பேரிடம் சொல்லி, கெஞ்சி, டிப்போ ஆபீஸிலேயே அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு வாரம் போனாள். பிறகு நடிக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். டிப்போவில் கேலி பேசாத வாயில்லை. “என் மூஞ்சியில கரியைப் பூசிட்டா. இனி இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்” என்று போனவர்தான். நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. உறைக்காரி ஒவ்வொரு வருஷமும் பை தைத்து அலமாரியில் வைத்தாள், அலமாரியில்தான் இருக்கிறது.

இப்போது மகள் நடித்த படம் இணையத்தில் வெளியாகியிருக்கிறது. பெரிய வேஷமில்லை, ஒரே ஒரு காட்சி. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்து, “ஒரே ஒரு தடவை வந்து பாரு அண்ணா. பாத்துட்டு என்ன வேணா திட்டு” என்றாள். அவர் பிகு பண்ணிக்கொண்டார். கடைசியில், “ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். படம் பாப்பேன், போயிடுவேன். காபி கீபின்னு உக்கார வைக்கக் கூடாது” என்றார்.

சந்தோஷத்தில் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஒத்திகை பார்க்கலாமென்று வெள்ளிக்கிழமையே வீட்டுக்காரரும் அவளும் டிவி முன் உட்கார்ந்தார்கள். படத்தின் பெயர் வந்தது. அப்புறம் ஒரு வட்டம் வந்தது. சுற்று சுற்றென்று சுற்றியது. ஒரு ஆள் கதவைத் திறந்தான், மறுபடி வட்டம். அவன் உள்ளே நுழைவதற்குள் லிஃப்ட்காரர் சாப்பிட்டுக் கையும் கழுவிவிட்டார்.

உறைக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். சிக்னலுக்கு நிற்கப் பொறுக்காமல் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போகிற ஆள் அண்ணன். அவரை இந்த வட்டத்தின் முன்னால் உட்கார வைப்பதா? எழுந்து போனால் போனவர்தான், அப்புறம் எந்த முகத்தோடு கூப்பிடுவது!

மகளுக்குப் போன் பறந்தது. அவள் வெளியூரில் படப்பிடிப்பில் இருந்தாள். “ரூட்டர் எங்கம்மா இருக்கு? தரையில கிரையில வைக்கலையே? உயரமா, மறைக்காம இருக்கணும்.”

“உள் ரூம்ல பரண் பலகை மேலதான்டி இருக்கு. ரொம்பப் பத்திரமா இருக்கு.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க. போன்லயெல்லாம் வைஃபையை நிறுத்துங்க. படம் ஓடும்போது வேற எதுவும் அதுல ஓடக் கூடாது. நான் வர்றது சரியா நாப்பதாவது நிமிஷம்.”

எல்லாம் செய்தார்கள். பெரிய பிளானுக்கும் மாற்றினார்கள். வட்டம் மட்டும் அசையவில்லை, அதாவது சுற்றுவதை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை நெட்காரர் வந்தார். அவர் வருவதற்குள் வழக்கம்போல வீடே பளிச்சென்று ஆகியிருந்தது. அவர் போனை வைத்துச் சோதித்தார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார், டிவியில் ஒரு பாட்டைப் போட்டார். தண்ணீர் மாதிரி ஓடியது. “லைன்ல ஒரு குறையும் இல்லம்மா. இதுல நாலு படம் ஒண்ணா பாக்கலாம். அப்படியும் சந்தேகமா இருந்தா ரூட்டர்லருந்து டிவிக்கு நேரா ஒயர் இழுத்துடுங்க” என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரை அனுப்பிவிட்டு, வீட்டை ஒழுங்குபண்ணிவிட்டு, நிம்மதியாகப் படத்தைப் போட்டாள்.

வட்டம்.

“என்னங்க இது அநியாயம்!” என்று அவள் அழாத குறை. மறுபடி கூப்பிட்டால் நெட்காரர், “இப்பத்தானே பாத்துட்டு வந்தேன்” என்றார். லிஃப்ட்காரர் ஒயர் வாங்கிவந்தார், அது ரூம் வாசல் வரைதான் எட்டியது. மாற்றிவரப் போனால் கடை அடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

ஞாயிறு மத்தியானம் வந்தே விட்டது. உறைக்காரி வழக்கப்படி சோபா உறையில் கை வைத்தாள். பாதி கழற்றியவள் அப்படியே நின்றாள். அண்ணனுக்கு எதற்குக் கழற்றுவது? இரண்டு வருஷம் பேசாவிட்டால் அவர் வெளியாள் ஆகிவிடுவாரா? இழுத்து மறுபடி மாட்டினாள். எதையும் கழற்றவில்லை. டிவி உறையை மட்டும் தூக்கி மேலே மடித்துவிட்டாள்.

அண்ணன் டிப்போவிலிருந்து நேரே வந்தார். கையில் கடையில் வாங்கின சாப்பாட்டுப் பை. ஜிப் போய், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் உறைக்காரிக்கு நெஞ்சு எரிந்தது. அவர் சோபாவைப் பார்த்தார். உறையோடு இருந்தது. ஒரு நிமிஷம் அதன் ஓரத்தைத் தடவினார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“வாங்க மச்சான்” என்றார் லிஃப்ட்காரர்.

“ம். படத்தைப் போடுங்க மாப்ளே.”

படத்தின் பெயர் வந்தது. வட்டம் வந்தது. மூன்று பேரும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள். கதவு திறந்தது, வட்டம். கதவைத் திறந்தவன் ஒரு வார்த்தை பேசினான், வட்டம். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். உறைக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. கடிகாரக் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அவளுக்கு அது மண்டையில் அடிக்கிற மாதிரி இருந்தது.

“இப்ப வந்துடும் அண்ணா.”

“என்ன வரும்? உன் பொண்ணா, அந்தச் சக்கரமா?”

“கொஞ்சம் பொறு அண்ணா...”

“ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு.” அவர் எழுந்துவிட்டார். “எனக்கு இதெல்லாம் பாக்கக் குடுத்து வெக்கல. விடு. நான் வரேன்.”

ரப்பர் பேண்ட் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பைத் தேடினார். உறைக்காரிக்கு அவர் பின்னாலேயே ஓடவும் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை. லிஃப்ட்காரருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, ரிமோட்டைச் சோபாவில் வீசினார். “நேத்து அந்த நெட்காரர் வந்தப்ப மட்டும் எப்படி ஓடிச்சு? அவரு என்ன பெரிய விருந்தாளியா? வீட்டு மனுஷன் வந்தா மட்டும் மக்கர் பண்ணுமா?”

விருந்தாளி. உறைக்காரி சட்டென்று நிமிர்ந்தாள்.

விருந்தாளி வந்தால் அவள் என்ன செய்வாள்? நேற்றும் செய்தாளே! சோபா, டிவி, மிக்ஸி எல்லாவற்றையும் உரித்தாள். எட்டி, பரண் பலகை மேலிருந்த ரூட்டரையும் உரித்தாள். நெட்காரர் போனதும் அந்த உறையைத்தான் முதல் வேலையாக மாட்டினாள். தூசி படக் கூடாதென்று ஆசை ஆசையாகத் தைத்தது. சாப்பாட்டுப் பையில் மிஞ்சின அதே துணி, உள்ளே அதே வெள்ளித்தாள், அதே இரட்டைத் தையல். சூட்டையே வெளியே விடாத உறை, வேறு எதை விடும்?

“அடிப் பாவி, நான்தானா!” என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஸ்டூல் எங்கே என்று பார்க்கக்கூட நேரமில்லை. தையல் மெஷின் பலகை மேலேயே ஏறினாள். மெஷின் ஆடியது. எட்டி ஒரே இழுப்பு. உறை கையோடு வந்தது. உள்ளே மூச்சுமுட்டிச் சுடச்சுட உட்கார்ந்திருந்தது ரூட்டர். அந்த வீட்டில் உறை யார் கண்ணிலும் படாது, சுவர் மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இரண்டு நாளாக வீட்டையே தலைகீழாகப் புரட்டியும் லிஃப்ட்காரருக்கும் தெரியவில்லை, தைத்தவளுக்கும் தெரியவில்லை.

“என்னங்க! அவ வர்ற இடத்துக்குத் தள்ளுங்க! சீக்கிரம்!” என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

வட்டம் அரைச் சுற்று சுற்றிக் காணாமல் போயிற்று. வாசலில் அண்ணன் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார்.

“கிளம்பு, கிளம்பு! உன்னை வழியனுப்ப ஊரே வரணுமா?”

குரல் டிவியிலிருந்து வந்தது. பெண் குரல். அண்ணன் அப்படியே திரும்பினார். திரையில் ஒரு லாரி ஷெட். அவர் தங்கை மகள் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு நிற்கிறாள். எதிரே மலை மாதிரி ஒரு டிரைவர். அவள் கையைத் தூக்கி, விரல் முட்டியால் கடிகாரக் கண்ணாடியைத் தட்டுகிறாள், டொக் டொக். டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடுகிறான். லாரி போனபிறகு யாரும் பார்க்கவில்லையென்று நினைத்து அவள் அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பத்திரமாகப் போய்ச் சேரணுமே என்கிற மாதிரி ஒரு பார்வை. அவ்வளவுதான் காட்சி.

உறைக்காரி உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரூம் வாசலில் நின்றாள். மகள் இவரைக் கேலி செய்துவிட்டாளே, இனி ஜென்மத்துக்கும் வரமாட்டாரே என்று பதறினாள். லிஃப்ட்காரர் வாயையே மூடிக்கொண்டார், அது அபூர்வம்.

அண்ணன் ஒரு காலில் செருப்போடு உள்ளே வந்தார். டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றார்.

“வண்டி போனப்புறம் நான் பாத்துக்கிட்டு நிப்பேன்னு இவளுக்கு யாரு சொன்னது?”

விரலால் திரையைத் தொட்டார்.

“ஒரு வாரம்தானே டிப்போவுக்கு வந்தா...” தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாப்ளே, முதல்லருந்து போடுங்க. எங்கயும் தள்ளக் கூடாது.”

முதலிலிருந்து போட்டார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்வரை அவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தங்கை மகளின் பெயர் மேலே ஏறிப் போனபோது எழுந்து நின்று படித்தார். காபியும் குடித்தார். இரண்டு தடவை.

கிளம்பும்போது தங்கை கையில் கசங்கிக் கிடந்த வெள்ளி உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதையா அதுக்கு மாட்டினே? உனக்கு அறிவிருக்கா?”

“இல்லைதான்” என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “அண்ணா, உனக்குத் தைச்ச பை ரெண்டு அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?”

“அது இருக்கட்டும், அப்புறம் பாப்போம். இதுக்கு ஒரு பிடி வெச்சுக் குடு, இதுதான் எனக்கு வேணும்.” ரப்பர் பேண்ட் பையை அவள் கையில் திணித்தார். “இதைத் தூக்கிப் போட்டுடு.”

“இப்பவே தைச்சுத் தரேன் அண்ணா, ரெண்டு நிமிஷம். உக்காரு.”

“அவசரமில்லை” என்றார் டைம்கீப்பர். “அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்.”