துணி வேண்டாம் என்று எழுதிய கடிதம்

எங்கள் வீட்டு பீரோவைச் சாத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு நிற்க, இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். தள்ளுவது என் மாமியார், திருப்புவது நான். மாமி இதில் ஒரு குறையும் கண்டதில்லை. பீரோ லேசாகச் சாத்திக்கொள்கிறது என்றால் அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இல்லை என்று அர்த்தம் என்பது அவருடைய எண்ணம்.

வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போவதை எங்கள் ஜனங்கள் சபுர் போவது என்போம், போனவரைச் சபுராளி என்போம். பாபநாசத்தைச் சுற்றி எங்கள் தெருக்களில் அப்போது வீட்டுக்கு ஒரு சபுராளியாவது இருந்தார். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். மற்ற சபுராளிகள் சென்ட்டும் டார்ச் லைட்டும் தைலமும் கொண்டுவந்தபோது இவர் பெட்டி முழுக்கத் துணியாகவே கொண்டுவந்தார்.

எனக்கு எடுத்துவருவதெல்லாம் மயில்கழுத்து நிறம். கல்யாணத்தன்று நான் அந்த நிறத்தில் சேலை உடுத்தியிருந்தேனாம். அது மாமி எடுத்த சேலை. எனக்கு அந்த நிறமே ஆகாது. பத்து வருஷமாக இதை அவரிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. வருகிற இரண்டு மாதத்தில் ஒரு மாதம் விருந்து, ஒரு மாதம் அழுகை என்று போய்விடும். துணிகள் எல்லாம் பளபளவென்று, வழுவழுவென்று, என்ன செய்தாலும் கசங்காதவை. ஏசி கடையில் நின்று எடுத்தவை. சித்திரை மாதம் கரண்ட் போன பகலில் அதில் ஒன்றை உடுத்திக்கொண்டு அடுப்படியில் நின்றால் அவருடைய அன்பு என் முதுகில் வழியும்.

ஒரு வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. பீரோவைத் திறந்தால் ஈரச்சாக்கு வாடை அடித்தது. ஒருநாள் வெயில் தலைகாட்டியதும் எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், கொடி, கைப்பிடிச்சுவர், தண்ணீர்த்தொட்டி மூடி என்று கிடைத்த இடத்தில் எல்லாம் விரித்தேன். எண்ணாதே, கண் பட்டுவிடும் என்று மாமி கீழேயிருந்து சொன்னார். அதற்குள் எண்ணி முடித்துவிட்டேன். அறுபத்தெட்டு. அதில் பதினோரு சேலைக்குக் கடையில் குத்திய குண்டூசியைக்கூட எடுக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க நான் மாற்றி மாற்றி உடுத்திய ஏழு நூல் சேலையும் கும்பகோணத்தில் எடுத்தவை. கொடியில் ஒரு ஓரமாகக் கிடந்தன.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் சட்டம் போட்டேன்.

காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். ஒரு துணி உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். போவதும் அதை உடுத்தப்போகிற ஒருத்தியிடம் போக வேண்டும், கரித்துணியாகப் போகக் கூடாது. ஒன்றை வாங்குவதற்கு முன் அதை உடுத்திக்கொண்டு போக மூன்று இடம் சொல்லத் தெரிய வேண்டும். கல்யாண வீடுகள் எத்தனை இருந்தாலும் சேர்த்து ஒரே இடம்தான். மழைக்காலத்தில் இரண்டு நாளில் காயாத துணி ஆகாது. இப்படி எழுதிய பிறகுதான் யோசித்தேன், இந்தச் சட்டப்படி என் நூல் சேலைகள் தோற்றுப்போய் அவருடைய வழுவழு துணிகள்தான் ஜெயிக்கும். அதை அடித்துவிட்டேன். யாருக்காவது துணையாகக் கடைக்குப் போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், துணியைத் தொடக் கூடாது. நோன்புப் பெருநாளுக்கு ஒன்று எடுக்கலாம், அதோடு அந்த வருஷம் முடிந்தது.

அந்த மாதமே என் நாத்தனார், அவரும் எங்கள் ஊரிலேயேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார், கும்பகோணத்துக்குத் துணி எடுக்க என்னைக் கூட்டிப் போனார். ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "கையில ஏதும் அடியாம்மா?" என்று கேட்டார். இல்லை, சட்டம் என்றேன்.

சட்டம் நடப்பதற்கு ஒரே இடைஞ்சல் ஷார்ஜாவில் இருந்தது. அதனால் அவருக்குக் கடிதம் எழுதினேன். எல்லாச் சட்டத்தையும் வரிசையாக எழுதி, கடைசியில், "இந்தத் தடவை எனக்குத் துணி எதுவும் எடுக்காதீங்க. மத்தவங்களுக்கு வழக்கம்போல எடுத்துட்டு வாங்க" என்று முடித்தேன். மயில்கழுத்து விஷயத்தையும் எழுதலாமா என்று பார்த்தேன். தாளில் இடம் இல்லை.

பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவரே வந்துவிட்டார்.

தை மாதம், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சபுராளி வந்தால் மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து வேன் பிடித்து, மேலே பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவதுதான் முறை. இவர் மத்தியானம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் ஒரே ஒரு பையோடு நடந்து வந்தார். மாமி அவரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே அவர் தோளுக்குமேல் தெருவைப் பார்த்தார்.

"சாமான் வண்டி பின்னால வருதாப்பா?"

"வண்டி இல்லம்மா."

"அப்ப பெட்டி?"

"பெட்டியும் இல்ல. உங்க மருமவதான் துணிமணி எதுவும் வேண்டாம்னு லெட்டர் போட்டுட்டா. யாருக்குமே வேண்டாம்னுட்டா."

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். அப்படிப்பட்ட பார்வையை அதற்கு முன்பு நான் வாங்கியதில்லை. நான் எனக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார்.

சபுராளி வந்த மறுநாள் பெட்டி உடைப்பது எங்கள் வழக்கம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீடுகள் எல்லாம் கூடத்தில் வந்து உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு சட்டைப் பிட்டோ சேலையோ கையில் விழும். வேறொன்றும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள், ஆனால் அதுகூட வாங்காமல் எழுந்திருக்கவும் மாட்டார்கள். பெட்டி இல்லை என்ற செய்தி தெரு முழுக்கப் போயிருந்தும் மறுநாள் அத்தனை பேரும் வந்தார்கள். பாய் விரித்தோம். டீ கொடுத்தோம். யாரும் போகவில்லை. இரண்டாவது டீ கொடுத்தோம். ஒரு பெரியவர் மெதுவாக, "அங்கன வேலையெல்லாம் எப்படித் தம்பி..." என்று இழுத்தார்.

உடனே இவர் என் சட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்று வந்தால் ஒன்று போவது, மூன்று இடம், கையைக் கட்டுவது, எல்லாம் வரிசை மாறாமல், மனப்பாடமாக. கடைசியில் நான் எழுதாததையும் ஒரு சட்டம்போலச் சேர்த்துக்கொண்டார்: யாருக்கும் எதுவும் வாங்கிவரக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தர், "நல்ல சட்டம்தான்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் எழுந்து போனார்கள்.

நாத்தனார் தன் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சட்டைப் பிட் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாராம். "அந்த வூட்டுல நான் இனி எப்படி மூஞ்சியைக் காட்டுறது?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். மாமி பேச்சை நிறுத்தவில்லை. மகனுக்குத் தாராளக் கை, வந்து வாய்த்தவள்தான் இப்படி என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். மூன்றாம் நாள் காய்காரம்மா என்னிடம், "ஒண்ணு வாங்குனா ஒண்ணு குடுத்துடணுமாமே, கத்திரிக்காய்க்கும் உண்டா?" என்று கேட்டது. பத்து வருஷமாக அந்த வீட்டில் நான் நல்ல மருமகள் என்று பெயர் எடுத்திருந்தேன். புருஷன் கூட இல்லாமல், மாமியாரோடு ஒரே வீட்டில் அந்தப் பெயரை எடுப்பது சும்மா இல்லை. அது மூன்று நாளில் போயிற்று. போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். எழுதாததை எழுதினேன் என்று என் வீட்டுக்காரரே சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் திருப்பனந்தாள் பக்கம் நான் பிறந்து வளர்ந்த என் அத்தா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். எத்தனை நாளைக்கு என்று மாமி கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் என் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே வந்தார். கும்பகோணம் பஸ் வந்திருக்கவில்லை.

"நான் எழுதாததை எதுக்கு மச்சான் எழுதினேன்னு சொன்னீங்க?"

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். "கடைய மூடிட்டாங்க" என்றார்.

"எந்தக் கடையை?"

"நம்ம கடையத்தான். நாலு மாசம் ஆச்சு. மொதலாளி வேற தொழிலுக்குப் போயிட்டாரு. விசா முடிஞ்சுது, இனிமே அங்க போறதுக்கு இல்ல. ஊருக்கு டிக்கெட் மட்டும் எடுத்துக் குடுத்தாரு."

"நாலு மாசம் எங்க இருந்தீங்க?"

"தெரிஞ்சவங்க ரூம்ல. ராத்திரி வேலைக்குப் போறவன் பாயில ராத்திரி படுத்துப்பேன். பகல்ல சும்மா நடப்பேன். பெட்டி இல்லாம எப்படி வர்றது சொல்லு? மூணு தடவை டேட்டத் தள்ளிப் போட்டேன். அப்பதான் உன் லெட்டர் வந்துது." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ரூம்ல எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். மறுநாளே போயி டிக்கெட்ட உறுதி பண்ணிட்டேன்."

கும்பகோணம் பஸ் வந்தது. கண்டக்டர் என்னையும் பையையும் பார்த்து, "ஏறும்மா, இடம் இருக்கு" என்றார். பஸ் போயிற்று. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. பகலெல்லாம் சும்மா நடந்தாராம் என்பதும் மனசை விட்டு அகலவில்லை. இரண்டும் சேர்ந்து இருந்தன. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

திரும்பி நடக்கும்போது, மாமிக்கு எப்போது சொல்வது என்று கேட்டேன். கொஞ்ச நாள் போகட்டும், இங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு சொல்கிறேன் என்றார். சபுர் போதும் என்று தானே நின்றுவிட்டதாகத்தான் மாமியிடம் சொன்னார், கடை மூடியதைக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. மாமி மௌத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டதால்தான் இதை இப்போது நான் எழுத அவர் ஒத்துக்கொண்டார். எனக்கு இன்னொன்றும் அன்றைக்கு அந்த வழியில் புரிந்தது. ஒரு கோபத்தில் போட்ட சட்டத்தை இனி நான் எடுக்கவே முடியாது. பெருநாளுக்கு ஒரு சேலை கூடுதலாக எடுத்தால்கூட, அப்படியென்றால் அந்தத் தடவை ஏன் வேண்டாம் என்று எழுதினாய் என்று தெரு கேட்கும். கேட்டால் பதில் அவரிடம்தான் போய் நிற்கும்.

வீட்டில் மாமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் போய்விட்டேன் என்று கேள்விப்பட்டு நாத்தனாரும் வந்திருந்தார்.

"என்ன, பஸ் வரலையா?" என்றார் மாமி.

"வந்துது மாமி. நான் ஏறல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மாமி முறத்தை நிறுத்தவில்லை.

"நான் அப்படி எழுதலன்னு நாலு நாளா சொன்னேன்ல, அது பொய். நான்தான் எழுதினேன். யாருக்கும் ஒரு முழத் துணிகூட வேண்டாம்னு எழுதினேன். அவங்க பேர்ல ஒரு தப்பும் இல்ல."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மாமி அரிசியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் போட்டார்.

"எனக்கு மொதல் நாளே தெரியும்" என்றார். "எம்மவன் பொய் சொல்ல மாட்டான்."

என் வீட்டுக்காரர் என் பையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.